பதினோராம் அத்தியாயத்தில் இருந்த ஒழுங்கை

பெயரும் முகவரியும் கையொப்பமும் இல்லாத முறைப்பாட்டின் மீது நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை. கிடைத்த திகதியைக் குறித்துக் கோப்பிலிட்டு மறந்துவிட வேண்டும். நான் முப்பத்துநான்கு வருடங்கள் வேலை பார்த்த அலுவலகங்கள் எல்லாவற்றிலும் விதி இதுதான். நல்ல விதி. ஒருவன் தன் பெயரைப் போடத் துணியாத குற்றச்சாட்டை மற்றவன் எதற்காகச் சுமக்க வேண்டும்? புதிதாகச் சேர்ந்த எழுதுவினைஞர்களுக்கு நானே இதை வகுப்பாக எடுத்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட கடிதம் ஒன்றை என் வாழ்நாளில் ஒரேயொரு முறை எழுதினேன். அதைப் பெற்றவர் விதிப்படி நடந்திருந்தால் அது குப்பைக்குப் போயிருக்கும். அவர் அப்படி நடக்கவில்லை. தான் எழுதிய நாவலிலிருந்து ஓர் அத்தியாயத்தை முழுதாக எடுத்துவிட்டார். இந்தத் தை மாதம் அவர் காலமானார்.

அவர் நில அளவைப் பகுதியில் படவரைஞராக இருந்தவர். நான் காணிப் பகுதியில் உத்தியோகத்தன். அவர் கீறிய கோட்டை ஆதாரமாக வைத்து நான் மறுப்புக் கடிதம் எழுதுவேன். எங்கள் உறவு அப்படித்தான் தொடங்கியது. வயதில் என்னிலும் ஐந்து வருடம் மூப்பு, ஆகவே நான் அவரை அண்ணை என்பேன். பதவியில் நான் மேலே, ஆகவே அவர் என்னை ஆங்கிலத்தில் சேர் என்பார். இருவரும் ஓய்வு பெற்று, இணுவிலில் அடுத்தடுத்த ஒழுங்கைகளில் குடியிருந்த காலத்திலும் அவர் அந்தச் சேரை விடவில்லை. அதில் மரியாதை எவ்வளவு, பகிடி எவ்வளவு என்று என்னால் கடைசிவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இருவருக்கும் பிறந்த ஊர் ஒன்று. கீரிமலைக்குக் கிழக்கே, கடலோரம். தொண்ணூறில் சண்டையோடு எல்லோரும் எழும்பி வந்தோம். அதன் பிறகு அது இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்கு உள்ளே போய்விட்டது. ஊருக்கு இருந்தது வரைபடமும் எங்கள் ஞாபகமும் மட்டும். வரைபடம் அண்ணையிடம் இருந்தது.

ஓய்வு பெற்ற படவரைஞர்கள் வழக்கமாக வீட்டுத் திட்டப்படம் கீறிக் கொடுப்பார்கள். அண்ணை நாவல் எழுதினார். அதுவும் மெய்நிகர் உலகங்களைப் பற்றி. கண்ணை முழுதாக மூடும் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இல்லாத இடங்களுக்குப் போய், அங்கே குடும்பம் நடத்தி வழக்காடிச் சாகிற மனிதர்களைப் பற்றி. லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் அப்படியொரு கண்ணாடி கொண்டுவந்திருக்கிறான். அண்ணை அதைக் கால்மணி நேரம் மாட்டியிருந்துவிட்டுக் கழற்றி, "உதுக்குள்ளை எல்லைக்கல்லு ஆர் நடுறது?" என்று கேட்டாராம். நான்கு நாவல்களும் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

முதல் இரண்டையும் எங்கள் பக்கத்தில் எவரும் வாசித்ததாகத் தெரியவில்லை. சனசமூக நிலையத்தில் பத்திரிகை பார்க்க வருபவர்கள் அவரைக் கண்டால், "போகாத ஊருக்கு வழி சொல்லுறவர் வாறார்" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு கணித ஆசிரியர் மட்டும் பதினொரு பக்கத்தில் கடிதம் போட்டிருந்தார். மின்வெட்டு நேரத்தில் அந்த உலகத்துச் சனம் எங்கே இருக்கும், அவர்கள் அடுப்பில் வைத்த சோறு என்ன ஆகும் என்பது கடிதத்தின் சாரம். அண்ணை அதை வரப்பிரசாதமாக எடுத்துக்கொண்டார். இரண்டாவது நாவலில் ஒரு முழு ஊரும் இருட்டில் கை கழுவாமல் காத்திருக்கும் இடம் அந்தக் கடிதத்தால் வந்தது.

மூன்றாவது நாவல்தான் வினை. அதில் இருந்த மெய்நிகர் ஊர் எங்கள் ஊர். பெயர் வேறு, ஆனால் வைரவர் கோயிலடி வளைவும், சங்கக்கடையின் ஓடும், கடற்கரை வாடிகளும் அச்சொட்டாக அங்கே இருந்தன. அந்த ஊருக்குள் போவதற்குக் காணி உறுதி காட்டத் தேவையில்லை. வாசலில் ஒரு ஞாபகத்தைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இயந்திரம் அதை வைத்து ஊரைக் கட்டும். இருவருடைய ஞாபகம் முரண்பட்டால் தீர்ப்புச் சொல்லாது, இரண்டையும் கட்டும். ஆகவே ஒரே இடத்தில் ஒருவருக்கு மாமரமும் மற்றவருக்குப் பலாமரமும் நிற்கும்.

அதற்குத்தான் வாசகர்கள் எழும்பினார்கள். உலகத்தின் வேறு எந்த மூலையிலும் ஒரு கற்பனை நூலுக்கு இப்படி எதிர்வினை வந்திருக்குமோ தெரியாது. ரொறன்ரோவிலிருந்து ஒருவர், எண்பத்தாறாம் பக்கத்தில் தங்கள் படலை தெற்குப் பார்த்திருப்பதாக எழுதப்பட்டுள்ளது, அது கிழக்குப் பார்த்தது, தயவுசெய்து திருத்தவும் என்று எழுதினார். இன்னொருவர் தன் பங்குக் கிணற்றில் மைத்துனர் தண்ணீர் அள்ளுவதாகக் காட்டியதற்கு விளக்கம் கேட்டார். அவருக்கும் மைத்துனருக்கும் எழுபத்தெட்டிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் தன்னுடைய பனை வரிசையில் மூன்று குறைகிறது என்றார். நோர்வேயில் பிறந்த ஒரு பெண், அப்பா ஒருநாளும் சொல்லாத எங்கள் வீட்டுச் சமையல் குசினியின் வாசலை நாவலில் கண்டுபிடித்துவிட்டேன் என்று நாலு வரி போட்டிருந்தாள். அண்ணை மின்னஞ்சலில் வந்தவற்றைக் கொமினிகேசன் கடையில் தாளில் எடுத்து, எல்லாவற்றிலும் கிடைத்த திகதியைப் பென்சிலால் குறித்து, பெட்டிக் கோப்பில் வைத்தார். நாங்கள் இருவரும் விறாந்தையில் இருந்து அவற்றை வாசித்துச் சிரித்திருக்கிறோம். என்னைவிட எவரும் பலமாகச் சிரித்திருக்கமாட்டார்கள். அதற்குள் நானும் என் கடிதத்தை எழுதத் தொடங்கியிருந்தேன்.

பதினோராம் அத்தியாயத்தில் கடற்கரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் ஒழுங்கையால், ஒடுங்கிய பாதையால், நடந்து வருகிறாள். ஒழுங்கை எட்டுப் பரப்பு வளவொன்றின் நடுவால் போய் ஒரு நல்லதண்ணிக் கிணற்றில் முடிகிறது. அவள் தன் கையால் தண்ணீர் அள்ளி, முகம் கழுவி, குடத்தை நிறைத்துக்கொண்டு திரும்பிப் போகிறாள். பதினான்கு பக்கத்திலும் நடப்பது இவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பெண்கள் அதே ஞாபகத்தை இயந்திரத்திடம் கொடுத்திருப்பதால் ஒழுங்கை அகலமாகவும் நன்றாக மிதிபட்டும் கிடக்கிறது என்று எழுதியிருந்தார்.

அந்த வளவு எங்களுடையது. அந்த ஒழுங்கையும் இருந்தது. கடற்கரைக் கிணறுகளில் உவர்த் தண்ணீர். கடலுக்குப் போகிற குடும்பங்களின் பெண்கள் எங்கள் வளவால்தான் நல்லதண்ணிக்கு வந்தார்கள். நான் எட்டாம் வகுப்புப் படித்த வருடம் அப்பா அதை அடைத்தார். காரணம் கேட்க அந்த வீட்டில் எவருக்கும் பழக்கமில்லை. வேலிக்கு நட்ட பூவரசங் கதியால்களை, அந்தப் பச்சைத் தடிகளை, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது நான். வேலி எழும்பிய பிறகு அவர்கள் ஒன்றரை மைல் சுற்றிப் போனார்கள். அது கொஞ்சக் காலத்தில் ஊரின் வழக்கமாகிவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு வழக்கமானது எதுவும் உறுத்துவதில்லை.

நாவல் வந்த நேரத்தில் எங்கள் பக்கத்துக் காணிகளை விடுவிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டது. என் மூளை அலுவலக மூளை. பத்து வருடம் தடையின்றிப் பாவித்த பாதைக்கு வழியுரிமை கோரலாம். பழைய ஆட்கள் சாட்சி சொல்லலாம். ஒரு முன்னாள் அரச படவரைஞர், அளவு பிசகாமல், அச்சில் எழுதிவைத்த புத்தகத்தை எவனாவது ஒரு சட்டத்தரணி நீதிமன்றத்தில் நீட்டினால்? கண்ணாடி மாட்டிக்கொண்டு போகிற உலகத்தில் இருக்கிற ஒழுங்கையைக் கண்டு எட்டுப் பரப்பு நிசக் காணிக்காக நான் பயந்தேன். பனைக் கணக்குக் கேட்டவரைப் பார்த்துச் சிரித்த அதே கிழமை.

கடிதத்தைக் கணினியில் அடித்தேன். இலக்கமிட்ட ஆறு பந்திகள். குறித்த நூலின் குறித்த பக்கங்கள் தனியாரின் ஆதன உரித்துக்குப் பாதகமாக அமைந்துள்ளமை, அது சட்ட நடவடிக்கைக்கு இடமளிக்கக் கூடியமை, அரச சேவையில் பெற்ற தகவலைச் சொந்த நூலுக்குப் பயன்படுத்தியமை ஓய்வூதியத்தையும் பாதிக்கக் கூடியமை. கடைசி ஒன்று அப்பட்டமான பொய் என்று எனக்குத் தெரியும். "தங்கள் மேலான கவனத்திற்கு" என்று முடித்தேன். கீழே ஒன்றும் இல்லை. பட்டணத்தில் என்னைத் தெரியாத கடையில் பிரதியெடுத்து, பட்டணத்திலேயே தபாலில் போட்டேன். கையொப்பமில்லாத கடிதம்தானே, குப்பைக்குத்தான் போகும் என்று பஸ்ஸில் வரும்போது என்னை நானே ஆற்றிக்கொண்டேன். குப்பைக்குப் போக வேண்டிய கடிதத்துக்கு ஏன் ஆறு பந்தி என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அண்ணை வந்தார். தேத்தண்ணி கொடுத்தோம். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"சேர், ஒரு நடைமுறை கேக்கோணும்."

என்னுடைய கடிதத்தை நான் மூக்குக்கண்ணாடி போட்டு, முதல்முறை பார்ப்பவனைப் போல, ஆறுதலாக வாசித்தேன். மூன்றாம் பந்தி கொஞ்சம் நீளம் என்று அப்போதும் தோன்றியது.

"கையெழுத்தில்லை" என்றார்.

"ஓம்."

"பேருமில்லை."

"ஓம் அண்ணை."

"உப்பிடி வாற கடிதத்துக்கு என்ன விதி சேர்? நீங்கள் எங்களுக்கும் ஒருக்கா வகுப்பெடுத்தனீங்கள். எனக்கு மறந்துபோச்சு."

ஒரு வசனம் போதும். ஆயிரம் தடவை சொன்ன வசனம். கோப்பிலிட்டு மறந்துவிடுங்கள். சொல்லியிருந்தால் அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும்.

"விதி அரசாங்கக் கந்தோருக்கு அண்ணை" என்றேன். "தனியாள் எண்டால் கொஞ்சம் யோசிச்சுத்தான் நடக்கோணும்."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எடுக்கச் சொல்லுறியளோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. கவனமா இருக்கிறது நல்லது."

"சரி சேர்." கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வேறு கதை கதைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் இரண்டாம் பதிப்பு வந்தது. பதினோராம் அத்தியாயம் இல்லை. பன்னிரண்டாவது பதினொன்றாகியிருந்தது. முதற்பிரதியை எனக்குத்தான் கொண்டுவந்து தந்தார். வாழ்த்தினேன். அதற்குப் பிறகும் ஐந்தாறு வருடம் பின்னேரங்களில் ஒன்றாக நடந்தோம். நாலாவது நாவலும் எழுதினார். அதில் எவருடைய ஊரும் இல்லை. காணி விடுபட்டு இரண்டு வருடமாகிறது. இன்றுவரை எவரும் வழக்குப் போடவில்லை. புத்தகத்தை நீட்டவும் இல்லை.

தை மாதத்தில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டு நின்றவர் விழுந்தார். அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அச்சடித்து, வருகிறவர்களுக்குக் கொடுப்போம். அதற்கும் நடைமுறை உண்டு. முதலில் படம், பிறகு தேவாரம், வம்சாவளி, அனுதாப உரைகள், நன்றி நவிலல். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அதைத் தொகுப்பவன் நான்தான்; இதுவரை நாற்பதுக்கு மேல் செய்திருப்பேன். செத்தவீடு முடிந்து இரண்டாம் கிழமை அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், இரண்டு பெட்டிக் கோப்புகளையும் தானே தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, இதெல்லாம் அவருக்கு வந்த கடிதங்கள். வாசிச்ச ஆக்கள் என்ன சொல்லிச்சினம் எண்டு கல்வெட்டிலை கொஞ்சம் வரட்டும். நான் அவர் எழுதின ஒண்டையும் முழுசா வாசிக்கேல்லை. ஆரோ வாசிச்சிருக்கினம் எண்டாவது சனத்துக்குத் தெரியட்டும்."

கோப்பைத் திறந்தேன். கடிதங்கள் திகதி ஒழுங்கில் இருந்தன. ஒவ்வொன்றிலும் வலது மூலையில், படத்தில் காணி இலக்கம் போடுகிற அந்தப் பொடி எழுத்தில், கிடைத்த நாளும் பதில் போட்ட நாளும். என் கடிதம் இரண்டாம் கோப்பில் நடுவில் இருந்தது. கிடைத்தது திங்கட்கிழமை. அதன் கீழே பென்சிலில் மூன்று வரி: "பந்தி இலக்கமிட்டது பழகின கை. சேர். அவருக்கு இது பெரிய விசயம் போலிருக்கு. வெள்ளிக்கிழமை போய்க் கேட்டுப்பார்க்கலாம்." அதற்கும் கீழே, வேறொரு நாளில் எழுதியதாக: "சொல்லவில்லை. எடுத்துவிடுகிறேன்."

அவருக்கு விதி மறக்கவில்லை. நான் அதைச் சொல்வதற்கு ஓர் இடம் கொடுக்க வந்திருக்கிறார். நான் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

கடிதத்துக்கு அடுத்தபடியாக, திகதி ஒழுங்கை மீறி ஒன்றாகக் குத்தி, கொப்பித் தாளில், பருத்தித்துறையிலிருந்து ஒரு பெண் எழுதிய இரண்டு கடிதங்கள். முதலாவது முதற்பதிப்பு வந்தபோது எழுதியது. தாங்கள் அந்த ஊரின் கடற்கரைப் பக்கத்தவர்கள் என்றும், பதினோராம் அத்தியாயத்தில் வருகிற ஒழுங்கையைப் பற்றித் தாய் சொல்லிக் கேட்டிருப்பதாகவும், தான் பிறந்தபோது அங்கே வேலி இருந்ததாகவும் எழுதியிருந்தாள். "அம்மாவுக்குக் கண் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். எழும்பி நின்று கேட்டார். கிணற்றில் கப்பி என்று எழுதியிருக்கிறீர்கள், கயிறு ஓடும் கப்பியில்லை, நெடுமரம் ஏறி இறங்கும் துலா என்று சொல்லச் சொன்னார்." அண்ணை பென்சிலால் "துலா சரி. திருத்துக" என்று குறித்திருந்தார்.

இரண்டாவது கடிதம் இரண்டாம் பதிப்பு வந்த பிறகு. "ஐயா, துலாவைத் திருத்தியிருப்பீர்கள் என்று அம்மாவுக்கு வாசிக்கப் புதிய பதிப்பை எடுப்பித்தேன். ஒழுங்கையைக் காணவில்லை. அது எங்கே போனது என்று அம்மா கேட்கிறார். பதில் தரவும்." மூலையில் கிடைத்த நாள் இருந்தது. பதில் போட்ட நாளுக்குரிய இடத்தில் ஒன்றும் இல்லை. முகவரியில்லாத என்னுடையதை விட்டால், இரண்டு கோப்பிலும் அண்ணை பதில் போடாத கடிதம் அது ஒன்றுதான். என்ன பதில் போடுவார்? என்னைக் காட்டிக் கொடுக்க வேண்டும், அல்லது பொய் எழுத வேண்டும்.

இவ்வளவையும் வாசித்தவன் என்ன செய்தான் என்பதையும் எழுத வேண்டும். கல்வெட்டில் "வாசகர் பார்வையில்" என்று நாலு பக்கம் ஒதுக்கினேன். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், அன்னார் அதிர்ந்து பேசாதவர் என்று எழுதித் தந்தார். அவர் ஒரு வரியும் வாசித்ததில்லை. கணித ஆசிரியரின் மின்வெட்டுக் கேள்வியைச் சுருக்கிப் போட்டேன். நோர்வேப் பெண்ணின் குசினி வாசலைப் போட்டேன். பருத்தித்துறைக் கடிதங்கள் இரண்டையும், என்னுடையதையும், கோப்பிலேயே விட்டேன். பக்க அளவு கருதி.

முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடலில் கிரியைகள் முடிந்து, வீட்டில் மத்தியானச் சாப்பாடு நடந்தது. வந்தவர்கள் கல்வெட்டைப் புரட்டி, படம் நல்லாயிருக்கு என்றார்கள். அக்கா சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை பொறுத்திருந்து, கடைசியாக என்னிடம் வந்தார்.

"பருத்தித்துறைப் பிள்ளையின்ரை கடிதத்தைக் காணேல்லை தம்பி. அவர் எனக்கு வாசிச்சுக் காட்டின ஒரே கடிதம் அதுதான்."

பக்கம் போதவில்லை என்றேன். சரி, என்றார் அக்கா. அந்தப் பிள்ளைக்கு ஒரு பதில் நிலுவையில் நிற்கிறது, அதையாவது நீங்கள் எழுதுங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன் என்றார். ஒரு கிழமை கழித்து எழுதிக்கொண்டு போனேன். அச்சுத் தேவைகளின் நிமித்தம் குறித்த அத்தியாயம் நீக்கப்பட்டமையை மனவருத்தத்துடன் அறியத்தருகிறேன் என்பது அதன் மையம். அக்கா மேசையில் இருந்து பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டு, வாசித்தார்.

"அச்சுத் தேவை எண்டால் என்ன?"

"பக்கம் கூடினால் சில நேரம் குறைக்கிறது அக்கா."

"பக்கம் கூடேல்லையே. இவர் எடுத்தாப்பிறகு பதினாலு பக்கம் குறையுது எண்டு அச்சுக்கூடக்காரன் கடைசியிலை வெறுந்தாள் வைச்சுக் கட்டினவன். நான் அதிலை கடைச்சாமான் எழுதுறனான்."

வேறு சொல் போடலாம் என்று நான் பேனாவுக்குக் கை நீட்டினேன்.

"இதிலை நான் கையெழுத்து வைக்கேலாது" என்று தாளை என் பக்கம் தள்ளினார்.

அந்த இடத்தில்தான் சொன்னேன். துணிவு வந்து சொல்லவில்லை. அடுத்த பொய் வரவில்லை, அதனால் சொன்னேன். "அக்கா, அந்த மொட்டைக் கடிதம் நான் எழுதினது."

அவர் பேனாவை மூடினார்.

"ஓம். தெரியும் சேர்" என்றார். அதுவரை என்னை அவர் சேர் என்று கூப்பிட்டதில்லை. "நீங்கள் ஒருநாள் வந்து சொல்லுவியள் எண்டு இவர் சொன்னவர். தான் இருக்கேக்கை வருவியள் எண்டுதான் நினைச்சவர்."

நான் தாளை மடித்தேன். சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"உங்கடை பேரைப் போட்டு எழுதுங்கோ. கையெழுத்தையும் வையுங்கோ. எனக்குக் காட்டத் தேவையில்லை."

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதைச் சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒழுங்கை எங்கள் வளவினூடாகப் போனது. அதை அடைத்தவர் என் தகப்பனார். கதியால் எடுத்துக் கொடுத்தவன் நான். நாவலிலிருந்து எடுப்பித்தவனும் நான். பிறகு மன்னிப்பு, இரண்டு பக்கம். கடைசிப் பந்தியில் இரண்டு தெரிவுகள் வைத்தேன்: ஒன்று, விடுபட்ட காணியில் அந்த ஒழுங்கையைத் திறந்து, பொதுவழியாக உறுதி எழுதிக் கொடுப்பது, மற்றது, அத்தியாயத்தைத் திரும்ப அச்சிடுவது. இரண்டும் வேண்டுமென்றாலும் சம்மதம். என் முழுப் பெயர், முகவரி, கையொப்பம்.

ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டால் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது நடைமுறை. நான் அனுப்பவில்லை. அவர்களைப் பல வருடம் காத்திருக்க வைத்தவன் எந்த முகத்தோடு நினைவூட்டுவது? தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் எழும்புவேன். அது ஓய்வூதியர் சங்கத்துக் கூட்ட அறிவித்தலாக இருக்கும்.

ஆனி மாதத்தில் ஒருநாள் ஊருக்குப் போனேன். காணி விடுபட்ட பிறகு உள்ளே போனது அதுதான் முதல்தடவை. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம். கிணறு கல்லும் மண்ணும் போட்டுத் தூர்ந்து கிடந்தது. வேலியில் கதியால்கள் பட்டுப்போக, ஒரு பூவரசு மட்டும் பிழைத்து, நான் இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்க முடியாத பருமனுக்கு மரமாகி, ஒழுங்கை தொடங்கிய இடத்தில் சரியாக நடுவில் நின்றது. அண்ணையின் இயந்திரத்துக்குக் கொடுக்க என்னிடம் வேறு ஞாபகம் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். அந்தப் பெண்கள் வருவது ஞாபகம் இருந்தது. கிணற்றடியில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது தெளிவாக வரவில்லை. அல்லது நான் வர விடவில்லை.

ஆடி போய் ஆவணியும் முடியப் போகிற நேரத்தில் பருத்தித்துறையிலிருந்து பதில் வந்தது. அதே கொப்பித் தாள்.

"ஐயா, உங்கள் கடிதத்தை வந்த அன்றே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். என்ன எழுதுவது என்று கேட்டபோதெல்லாம், யோசிக்கிறன் என்றார். அவருக்கு எண்பத்தொன்பது வயது, அவசரப்படுத்த முடியாது. நேற்றுத்தான், அந்த வேலிக்காரற்றை மோனுக்கு எழுது என்று சொன்னார். சொன்னபடியே எழுதுகிறேன்.

"நீர் மன்னிப்பெண்டு எழுதினதை மகள் வாசிக்க நான் நித்திரையாப் போனன். மிச்சத்தை அடுத்தநாள் கேட்டனான். ஒழுங்கை எங்களுக்கு வேண்டாம். வீட்டிலை குழாய்த்தண்ணி வருது, எனக்கு நடக்கவும் ஏலாது. தூர்ந்த கிணத்துக்கு வழி எதுக்கு? புத்தகத்திலை இருந்ததைத் திருப்பிப் போடும். ஆர் எடுப்பிச்சது எண்டும் அதிலை போடும். கப்பியை எடுத்துப்போட்டுத் துலாவைப் போடும்.

"இன்னொண்டு. அதிலை அந்தப் பெட்டை தன்ரை கையாலை அள்ளுறாள். நாங்கள் ஒருநாளும் அள்ளினதில்லை. கிணத்துக்கட்டைத் தொட விடமாட்டியள். உங்கடை வீட்டிலை ஆராவது வந்து ஊத்தும் வரைக்கும் வெய்யிலுக்கை நிண்டனாங்கள், சில நாள் ஊத்தாமல் திரும்பியும் வந்தனாங்கள். உமக்கு அது தெரியும். எழுதினவருக்கும் தெரிஞ்சிருக்கும். அதைத் திருத்திப்போடாதையும். அவள் அள்ளட்டும்."

திரும்பி வரும் பதினோராம் அத்தியாயத்துக்கு முன்னால் போட இவ்வளவையும் எழுதிவைக்கிறேன். கடிதம் என் கைக்குக் கிடைத்தது 2025 செப்டெம்பர் ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை.